வைஃபை பெயரில் வரும் ‘5ஜி’ வேறு, செல்போன் 5ஜி வேறு

“ரவுட்டர் பெயருக்குப் பின்னால் 5ஜி என்று காட்டினால் உங்கள் வீட்டுக்கு 5ஜி இணைப்பு வந்துவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

செல்போன் 5ஜியில் ‘ஜி’ என்பது தலைமுறை. இந்த ஐந்தாம் தலைமுறை மொபைல் சேவை இந்தியாவில் தொடங்கியது 2022 அக்டோபரில். வைஃபை பெயரில் உள்ள ‘ஜி’யோ கிகாஹெர்ட்ஸ், அதாவது ரேடியோ அலைவரிசை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கான தரம் 1999-லேயே வந்துவிட்டது; செல்போனில் 3ஜிகூட எட்டிப் பார்க்காத காலம் அது! பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சரி, அதில் இணைந்தால் வேகம் கூடுமா? ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருந்தால் பெரும்பாலும் கூடும். இரண்டு சுவர் தாண்டினால் வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸே தேவலாம். ஆனால் வைஃபை என்பது ரவுட்டருக்கும் உங்கள் போனுக்கும் இடையிலான சில மீட்டர் தூரம்தான். வீட்டுக்குள் வரும் இணைப்பின் வேகம் 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) என்றால், எந்தப் பெயரைத் தொட்டாலும் இணையம் அதற்கு மேல் ஓடாது.

செல்போன் கோபுரத்திலிருந்தே 5ஜி எடுத்துத் தரும் வீட்டு இணைப்புகளும் உண்டு. உங்களுடையது அதுவா, ஃபைபரா, பழைய தொலைபேசிக் கம்பியா என்பதை வைஃபை பட்டியல் சொல்லாது. நீங்கள் எடுத்திருக்கும் பிளானைப் பாருங்கள்.