போலி மாத்திரையில் குறைந்தால் அது பொய் வலியா?

"மருந்தே இல்லாத மாத்திரையில் முதுகுவலி குறைகிறது என்றால், அந்த வலி வெறும் மனப்பிரமை" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

1978-இல் ஞானப்பல் பிடுங்கியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். போலி மருந்தில் வலி குறைந்தவர்களுக்கு நலாக்சோன் செலுத்தியதும் வலி மறுபடி ஏறியது. மார்பின் என்ற வலிநிவாரணி மூளையில் போய் ஒட்டும் இடங்களை அடைத்துவிடும் மருந்து அது. அப்படியானால், மருந்து வருகிறது என்று நம்பிய மூளை மார்பினைப் போலவே வலியை அடக்கும் தன் சொந்தச் சரக்கான எண்டார்பினை அவிழ்த்துவிட்டிருக்கிறது. வெறும் பிரமை என்றால் நலாக்சோனுக்கு அங்கே என்ன வேலை?

சரி, தலைகீழாகவும் நடக்குமா? நடக்கும். 2011-இல் ஓர் ஆய்வில், காலில் சூடு வைத்து வலி உண்டாக்கி, ரெமிஃபென்டானில் என்ற வீரியமான வலிநிவாரணியை ஏற்றினார்கள். ஏறிக்கொண்டிருக்கும்போதே "நிறுத்திவிட்டோம்" என்றார்கள். மருந்து நிற்கவில்லை, வலியோ கிட்டத்தட்ட பழைய அளவுக்கே திரும்பியது.

நாட்பட்ட வலியும் இப்படித்தான், பொய்யல்ல: காயம் ஆறிய பிறகும் முதுகுத்தண்டு, மூளை நரம்புகள் கூருணர்வோடு இருந்துவிடலாம். மனச்சோர்வு மருந்தான டுலாக்செடினை மருத்துவர் எழுதினால் "எனக்கு மனநோய் என்கிறாரா" என்று கோபிக்க வேண்டாம். மூளையிலிருந்து இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைக்கு அது துணை செய்கிறது.