உணவு நேரத்தில் எல்லாப் பம்பிகளையும் நிறுத்தாதீர்கள்

உப்புநீர்ப் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களிடையே ஒரு வழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மீன்களுக்கு உணவு போடும் முன்னர் இருக்கும் ஆளிகள் அனைத்தையும் அணைத்துவிட்டு, நீர் அசையாமல் நின்ற பின்னர் உணவைப் போட்டு, பத்து நிமிடமோ கால் மணி நேரமோ கழித்து எல்லாவற்றையும் ஒன்றாக மீண்டும் இயக்குகிறார்கள். குளிரூட்டிய அறையில், மின்சாரம் தடைப்படாத ஊரில் இதனால் பெரிய கேடு வராமல் போகலாம். ஆனால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தொட்டி வைத்திருக்கும் நமக்கு இது பொருந்தாத வழக்கம் என்பதே எனது உறுதியான கருத்து. நிறுத்த வேண்டியது, நீர் வடிந்து சேரும் கீழ்த்தொட்டியிலிருந்து அதைத் திரும்ப மேலேற்றும் ரிட்டர்ன் பம்பியையும் அதைச் சார்ந்து இயங்கும் கருவிகளையும் மட்டுமே. மேல் தொட்டிக்குள் நீரை அசைக்கும் வேவ்மேக்கர், வேகத்தைக் குறைத்தேனும், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மன்னார்க் கடலில் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பக்கத்துப் பவளப்பாறைகளில் உணவு எப்படி வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பவளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மிதவை உயிரிகளை அதனிடம் கொண்டுவந்து சேர்ப்பது நீரோட்டம். பாறைக்கு மேலே கூட்டமாக நிற்கும் சிறு மீன்களும் ஓட்டத்தை எதிர்நோக்கி நின்றபடி, வருவதைக் கொத்திக் கொள்கின்றன. ஓட்டம் கடுமையானால் பொலிப்புகளின் (பவளமாகச் சேர்ந்து வாழும் சிற்றுயிர்களின்) உணர்கொம்புகள் மடிந்துபோய்ப் பிடித்த உணவும் கைநழுவும்; ஓட்டம் அறவே நின்றாலோ உணவு அவற்றை எட்டாமலே மணலில் விழுந்துவிடும். மிதமான ஓட்டத்தில்தான் பவளம் நன்றாகப் பிடித்து உண்ணுகிறது. மணலிலும் பாறை இடுக்கிலும் விழுந்து அழுகும் உணவு நைத்திரேற்றாகவும் பொஸ்பேற்றாகவும் நீரில் சேர்ந்து, பின்னர் பாசியாக நமக்கு முன்னால் வந்து நிற்கும். (இயற்கைப் பாறையைப் பற்றிச் சொன்னேன் என்பதற்காக எவரும் அங்கிருந்து பவளத்தைப் பெயர்த்து வர நினைக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம். தொட்டியில் வெட்டி வளர்க்கப்பட்ட மென்பவளங்களே நமக்குப் போதும்.)

இரண்டாவது காரணம் ஒட்சிசன். வழமையான உப்புச் செறிவுள்ள கடல்நீர் 25 பாகை செல்சியசில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கக்கூடியது. 30 பாகையில் அது 6.2 அளவுக்கு இறங்கிவிடும். வன்னியில் கோடைப் பகல் 34 பாகையைத் தொடும்போது, நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி மின்விசிறியின் தயவில்தான் 28, 29 பாகையில் நிற்கிறது. அந்த நிலையில் நீரின் மேற்பரப்பு அசைவதை நிறுத்தினால் காற்றுக்கும் நீருக்கும் இடையிலான பரிமாற்றம் குறைகிறது. காற்றுக் குமிழிகளால் நுரை எழுப்பி அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் நின்றிருப்பதால் அது ஊட்டிவந்த காற்றும் இல்லை. உணவைத் துரத்தி உண்ணும் மீனுக்கோ அப்போதுதான் ஒட்சிசன் கூடுதலாக வேண்டியிருக்கிறது. பத்து நிமிடத்தில் எந்த மீனும் செத்துவிடாது என்பது உண்மை. எனினும் வெப்பமான தொட்டிக்கு எஞ்சியிருக்கும் இடைவெளி சிறியது. அதை நாள்தோறும் இருமுறை காரணமின்றிக் குறைக்கத் தேவையில்லை.

ரிட்டர்ன் பம்பியை நிறுத்தத்தான் வேண்டும். அது ஓடும்வரை மேற்பரப்பு நீர், கீழ்த்தொட்டிக்கு வழிந்திறங்கும் ஓவர்புளோ பெட்டிக்குள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். மீனின் வாய்க்குப் போக வேண்டிய உணவில் கணிசமான பங்கு கீழ்த்தொட்டியின் வடிகட்டும் துணிப்பைக்குள் போய்ச் சேர்ந்து அங்கே அழுகும். ஆனால் இந்தப் பம்பியை நிறுத்துவதற்கு ஒரு கணக்கு உண்டு, அதைப் போடாமல் எவரும் நிறுத்தக் கூடாது. 120 சென்ரிமீற்றர் நீளமும் 45 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள நான்கடித் தொட்டியில் நீர்மட்டம் 2.5 சென்ரிமீற்றர் இறங்கினால் 13.5 லீற்றர் கீழே வரும். அதே தொட்டியில் ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 10 சென்ரிமீற்றர் கீழே இருந்து, காற்றுத் துளையும் இல்லாதிருந்தால், குழாய் வழியே நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு 54 லீற்றர் இறங்கும். கீழ்த்தொட்டியில் அவ்வளவுக்கு இடம் இல்லையென்றால் மீதி நீர் வீட்டின் நிலத்தில்தான் நிற்கும். ஆகவே குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இடுவது மிக அவசியம். நீர் அந்த அளவுக்கு இறங்கியதும் துளை காற்றை உள்ளிழுத்து ஓட்டத்தை அறுத்துவிடும். அந்தத் துளையைச் சுண்ணப் பாசியும் நத்தையும் அடைத்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்புவதை நான் ஏற்கவில்லை. ஒரு நத்தையோ மணல் துணிக்கையோ இடையில் அகப்பட்டாலே அது முழுதாக மூடாது.

அடுத்தது அணைக்கும் வரிசை. ரிட்டர்ன் பம்பி நின்றதும் கீழ்த்தொட்டியின் நீர்மட்டம் உயரும். அந்த உயர்ந்த மட்டத்தில் ஸ்கிம்மர் ஓடினால் நுரை பொங்கி வழிந்து, நாட்கணக்காகக் கோப்பையில் சேர்ந்த அழுக்கு முழுவதும் திரும்பவும் நீரில் கலந்துவிடும். எனவே முதலில் ஸ்கிம்மர், பின்னர் ரிட்டர்ன் பம்பி. மீண்டும் இயக்கும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் ரிட்டர்ன் பம்பியை ஓடவிட்டு, கீழ்த்தொட்டி தன் வழமையான மட்டத்துக்கு வந்து நிலைத்த பிறகே ஸ்கிம்மரைப் போட வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள உணவு போட்ட நாளில் நுரை சிறிது நேரம் எழும்பாது. அதற்காக ஸ்கிம்மரின் திருகைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம், தானாகவே சரியாகிவிடும்.

ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் தானியங்கிக் கருவியை இந்த நேரத்தில் பலரும் கவனிப்பதில்லை. ரிட்டர்ன் பம்பி மீண்டும் ஓடத் தொடங்கும்போது, மேல் தொட்டி நிரம்பி வழியத் தொடங்கும்வரை, கீழ்த்தொட்டியின் மட்டம் வழமையைவிடத் தாழ்ந்துபோகலாம். நீர் குறைந்துவிட்டதென்று எண்ணி அந்தக் கருவி நன்னீரைச் செலுத்தும். நாளுக்கு இருமுறை சிறிது சிறிதாக இப்படிச் சேரும் நன்னீர், உப்புச் செறிவை மெல்லக் குலைக்கும். சில்லரும் கிருமிகளைக் கொல்லும் யூவி விளக்கும் ரிட்டர்ன் பம்பியின் நீரில் இயங்குமாயின் அவற்றையும் அதனோடு சேர்த்தே அணைக்க வேண்டும். சில்லரின் கொம்பிரசரை அணைத்த கையோடு மீண்டும் போடக் கூடாது, சில நிமிட இடைவெளி அதற்கு அவசியம்.

இவ்வளவையும் நினைவை நம்பிச் செய்வது சரியல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உணவு போட்டுவிட்டு நிற்கும் வேளையில் தொலைபேசி அழைக்கும், படலையடியில் ஒருவர் வந்து கூப்பிடுவார், பிள்ளையை வகுப்பில் இறக்கிவிட வேண்டியிருக்கும். பம்பிகள் நின்றது நின்றபடியே மாலைவரை கிடக்கும். ஆகவே, நிறுத்துவது கையால் நடந்தாலும் மீண்டும் ஓடத் தொடங்குவது தானாக நடக்க வேண்டும். இப்போது மலிவாகக் கிடைக்கும் டிசி பம்பிகள் பலவற்றில் உணவுக்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பத்து நிமிடம் நின்று, பின்னர் தானாகவே ஓடத் தொடங்கும். பழைய ஏசி பம்பி வைத்திருப்பவர்கள் மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு டைமரைப் பொருத்திக்கொள்ளலாம். தொலைபேசியிலிருந்து இயக்கும் பிளக்குகளை வாங்குவோர், நேரக் கணக்கு பிளக்குக்குள்ளேயே இருக்கிறதா, இணையத்தில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இணையத்தில் இருந்தால், றூட்டர் நின்ற நேரத்தில் பம்பிக்குக் கட்டளை வராது. எது பொருத்தினாலும், தொட்டியின் மின்னிணைப்பு முழுவதும் ட்ரிப் சுவிட்ச் வழியாகவே வரட்டும். உப்பு நீருக்குள் கையை விடுகிறோம்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும் உறைந்த உணவு வழியிலேயே இளகி, மீண்டும் உறைந்து, நீர்விட்டுப் போகிறது. முல்லைத்தீவிலோ மன்னாரிலோ அன்றன்று வரும் இறாலையும் கணவாயையும் மட்டியையும் பொடியாக அரிந்து, அலசி, மெல்லிய தகடாக உறையவைப்பது அதைவிட மேலானது. போடும்போது தொட்டி நீரில் இளகவிட்டு, வடித்து, திரவத்தை வெளியே ஊற்றிவிட வேண்டும். ஆனிமோனுக்கோ (கடல் சாமந்தி) பெரிய பொலிப்புக்கோ குழாயால் நேரடியாக ஊட்டும்போது மட்டும் வேவ்மேக்கரையும் நிறுத்துவதை ஏற்றுக்கொள்கிறேன். அப்போதும் ஊட்டுபவர் தொட்டியருகிலேயே நிற்க வேண்டும்.

மின்வெட்டு வேறு விடயம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. இப்படியான வேளையில், எப்படியும் பம்பிகள் நின்றுவிட்டனவே, உணவைப் போட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. உண்ட மீன் செரிமானத்துக்காகக் கூடுதல் ஒட்சிசனை எடுக்கும், மீந்த உணவு அழுகியும் ஒட்சிசனைத் தின்னும். ஆரோக்கியமான வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் உணவின்றி இருக்கும், ஒட்சிசனின்றி இருக்காது. பற்றரியில் ஓட்டுவதற்கு ஒரே கருவியைத்தான் தெரிவுசெய்ய முடியுமென்றால், ரிட்டர்ன் பம்பியை விட்டுவிட்டு, 10 வாட் அளவில் ஓடும் ஒரு சிறிய வேவ்மேக்கரை மேற்பரப்பை நோக்கித் திருப்பி வையுங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி கொண்ட சாதாரண யூபிஎஸ் பற்றரி நல்ல நிலையில் இருந்தால், இழப்புகள் போகவும் அதை நான்கைந்து மணி நேரம் ஓட்டும். மின்சாரம் திரும்பியதும் ரிட்டர்ன் பம்பி, பின்னர் ஸ்கிம்மர் என்ற அதே வரிசையில் கருவிகளைப் போட்டு, மீன்கள் மேற்பரப்பை விட்டு இறங்கி வழமைபோல மூச்சுவிடுவதைப் பார்த்த பின்னரே அன்றைய உணவில் பாதியைப் போடுங்கள்.