பெரியப்பாவுக்கு குடுத்த அந்த அஞ்சு நாள் மாத்திரை

எங்க பெரியப்பாவுக்கு 71 வயசு, நுரையீரல் கேன்சர், மூணு வாரத்துக்கு ஒருதடவ இம்யூனோதெரபி ட்ரிப்ஸ் ஏறுது. போன மாசம் லேசா சளி புடிச்சதும் தெருமுனை மெடிக்கல்ல சொல்லி அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கி குடுத்துட்டாங்க, கேன்சர் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேள்விப்பட்டதும் எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல.

இம்யூனோதெரபி மருந்து நேரா கேன்சர கொல்றது இல்ல, நம்ம டி செல் (நோயோட சண்டை போடுற வெள்ளை அணு) மேல விழுந்திருக்கிற பிரேக்க எடுத்துவிடும், அப்புறம் சண்டை போடுறது நம்ம எதிர்ப்பு சக்திதான். அந்த எதிர்ப்பு சக்திய பழக்குறதுல குடல் பாக்டீரியாவுக்கு பெரிய பங்கு, ஆன்டிபயாடிக் அந்த பாக்டீரியாவையும் சேத்து அழிச்சிடும். 2018லயே பாரிஸ் பக்கத்துல இருக்கிற குஸ்தாவ் ரூஸி கேன்சர் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்காரங்க காட்டிட்டாங்க, இந்த மருந்து ஆரம்பிக்கிற சமயத்துல ஆன்டிபயாடிக் எடுத்தவங்களுக்கு பலன் கம்மி, மருந்து நல்லா வேலை செஞ்சவங்க குடல்ல அக்கர்மான்சியாங்கிற பாக்டீரியா அதிகம். ஆன்டிபயாடிக் எடுத்தவங்க முன்னாடியே ரொம்ப முடியாதவங்களா இருந்திருப்பாங்களோன்னு கேக்கலாம், ஆனா மருந்து நல்லா வேலை செஞ்சவங்க மலத்துல இருந்த பாக்டீரியாவ எலிக்கு மாத்தினதும் எலிக்கும் மருந்து வேலை செஞ்சிருக்கு.

வயசானவங்களுக்கு இது இன்னும் சிக்கல். கனடா மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டில 2017ல பாத்தது, கிருமியே இல்லாம வளத்த எலிக்கு வயசானாலும் உடம்புல அழற்சி ஏறல, கிழட்டு எலியோட பாக்டீரியாவ உள்ள விட்டதும் ஏறிடுச்சு. அயர்லாந்துல 178 பெரியவங்கள பாத்தப்போ, சொந்த வீட்ல இருந்தவங்கள விட முதியோர் இல்லத்துல ரொம்ப நாளா இருந்தவங்க குடல்ல பாக்டீரியா வகை கொறஞ்சு போயிருந்துச்சு, சாப்பாடும் அதுக்கு ஏத்த மாதிரியே மாறியிருந்துச்சு.

நம்ம வீட்ல என்ன பண்றோம்? வயசாச்சு, செரிக்காதுன்னு பன்னும் ரஸ்க்கும் பால் கஞ்சியும்தான். கீரை, பயறு, சுண்டல் எல்லாம் நிறுத்தியாச்சு, அந்த பாக்டீரியாவுக்கு சோறே அந்த நார்ச்சத்துதான். அமெரிக்கால ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் ஆஸ்பத்திரில, இம்யூனோதெரபி எடுத்த 128 மெலனோமா (ஒரு வகை தோல் கேன்சர்) நோயாளிங்கள வச்சு 2021ல வந்த ஆய்வுல, ஒரு நாளைக்கு 20 கிராமாவது நார்ச்சத்து சாப்ட்டவங்களுக்கு நோய் கட்டுக்குள்ள இருந்த காலம் அதிகம். ஒரு கப் வேகவச்ச கொண்டைக்கடலைலயே சுமார் 12 கிராம் இருக்கு! அதே ஆய்வுல கடைல விக்கிற ப்ரோபயாடிக்கால (நல்ல பாக்டீரியான்னு சொல்லி விக்கிற மாத்திரை, பவுடர்) நன்மை எதுவும் தெரியல, எலிக்கு குடுத்து பாத்தப்போ மருந்தோட வேலையவே கெடுத்திருக்கு. அதனால தயவுசெஞ்சு ப்ரோபயாடிக் பாக்கெட்ட நீங்களா வாங்கி ஊட்டாதீங்க.

டாக்டர் எழுதி குடுத்த ஆன்டிபயாடிக்க நிறுத்த சொல்லல, கேன்சர்காரங்களுக்கு இன்ஃபெக்ஷன் உயிருக்கே ஆபத்து. குடல் ஆபரேஷன் ஆனவங்க, அடைப்பு இருக்கிறவங்க நார்ச்சத்து பத்தி கேட்டுட்டுதான் சாப்பிடணும்.

பெரியப்பாவுக்கு வர்ற வியாழக்கிழமை அடுத்த ட்ரிப்ஸ். இந்த தடவ நான்தான் கூட போறேன், அந்த மாத்திரை அட்டைய பையில எடுத்து வச்சிருக்கேன், டாக்டர்கிட்ட காட்டணும்.