எழுந்து நின்னுட்டா சரியாயிடுச்சா?

ஞாயிற்றுக்கிழமை குத்துச்சண்டைப் போட்டியில் நடந்தது என்ன என்று உங்களுக்கே தெரியும். பாதி வடசென்னை அந்த வீடியோவைப் பகிர்ந்துவிட்டது, நானும் வேறு பகிரப் போவதில்லை. பதினேழு வயசுப் பையன். தாடையில் பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, ஒரு ஹூக், வாங்கி விழுகிறான். ரெஃப்ரி எட்டு வரை எண்ணுவதற்குள் எழுந்துவிடுகிறான். மணி அடித்ததும் நீல மூலைக்குப் போகவேண்டியவன் நேராகச் சிவப்பு மூலைக்குப் போய் எதிராளியின் ஸ்டூலில் உட்காரப் பார்க்கிறான். கூட்டம் சிரிக்கிறது. கோச் கையைப் பிடித்து இழுத்து வந்து, முகத்தில் தண்ணி அடித்து, கன்னத்தில் ரெண்டு தட்டு தட்டி அடுத்த ரவுண்டுக்கு அனுப்பிவிடுகிறார். ஜெயித்தும் விட்டான். கீழே வரிசையாக "சிங்கக்குட்டி", "ராயபுரம் ரத்தம்டா".

அந்த வீடியோவுக்குக் கீழே நான் போட்டது ஒரே வரி. "பையனை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களில் இங்கே எழுதக்கூடியது ஒன்றுதான்: "நீ எப்பனா கிளவுஸ் மாட்டிக்கிறியா? வூட்ல குந்து."

சரி, குந்திக்கொண்டே எழுதுகிறேன்.

எழுந்து நிற்பதும் சரியாகிவிடுவதும் ஒன்று இல்லை. மூலை மாறிப் போனான் பாருங்கள், அது காமெடி இல்லை, மூளை அதிர்ந்ததற்கு அடையாளம். மூளை என்பது ஏறக்குறைய 1.4 கிலோ, மண்டை ஓட்டுக்குள் தண்ணியில் மிதக்கிறது. தாடையில் ஓங்கி விழுந்தால் தலை சடாரென்று திரும்பும், உள்ளே இருப்பது அதே வேகத்தில் திரும்பாது. மெல்லிய நரம்பிழைகள் இழுபடும். ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "ஸ்கேன் நார்மல்" என்று சொன்னவுடன் நாமும் பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம்.

"அதான் ஹெட்கார்டு போட்டிருந்தானே" என்று ஒரு அண்ணன், தலையில் மாட்டும் பஞ்சுக் கவசத்தைச் சொல்கிறார். அண்ணே, தூக்குவாளியில் கட்டித் தயிர் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறீர்களா? டிரைவர் பிரேக் போட்டால் வாளி நசுங்குவதில்லை, தயிர்தான் உடைகிறது. வாளிக்கு வெளியே பஞ்சைச் சுற்றினால் மட்டும் உடையாதா? ஹெட்கார்டு புருவம் கிழியாமல் காக்கும், உள்ளே குலுங்குவதை நிறுத்தாது. வயசு வந்த ஆண்களின் சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் 2013-லேயே அதைக் கழற்றிவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடுதான் ஆடினார்கள்.

தலையில் அடி வாங்கிச் சண்டை நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாள் ரிங் பக்கம் வரக்கூடாது என்று அமெச்சூர் விதியிலேயே இருக்கிறது. அதனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? நிறுத்துவதே இல்லை. நிறுத்தாத சண்டைக்கு ஏது விதி? என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்.

முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் அதே மூளை இன்னொரு அடி வாங்கினால், அது சின்ன அடியாக இருந்தாலும் மூளை வீங்கி ஆளையே கொண்டுபோய்விடலாம். அபூர்வம்தான். ஆனால் அதில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வயசுப் பையன்கள்தான். அப்புறம், "நல்லாத்தான் பேசிக்கினு இருந்தான், தூங்கப் போனவன் எந்திரிக்கல" என்று சாவு வீட்டில் கேட்டிருப்பீர்கள். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் கசிந்தால் கொஞ்ச நேரம் ஆள் தெளிவாகவே இருப்பார். அதற்குப் பிறகுதான் தலைவலி, வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், ஒரு கண்பாவை மட்டும் பெரிசாவது. இதில் ஒன்று தெரிந்தாலும் நேரே ஜி.எச்.சுக்கு ஓட வேண்டும், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

நான் கிளவுஸ் மாட்டியதில்லை. எங்கப்பா மாட்டினார்.

காசிமேட்டுக்காரர், ஹார்பரில் மூட்டை தூக்கினார். எங்கள் பக்கத்தில் ரோசமான குத்துச்சண்டை நடந்த காலத்தின் கடைசி ஆட்களில் ஒருவர். 1980-இல் முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் இன்னொரு குத்துச்சண்டைக்காரரான ஜிம்மி எல்லிஸோடு ஆடிக் காட்டியதை நேரில் பார்த்தவர். அதைச் சொல்லாத நாள் கிடையாது. அவரும் விழுந்து விழுந்து எழுந்தவர்தான். எழுந்ததற்குத்தான் கைதட்டல்.

முதலில் போனது மூக்கு. காசிமேட்டில் பிறந்த மனுஷனுக்கு மீன் கெட்டுப்போனது தெரியவில்லை. அம்மா குழம்பைக் கொட்டிவிட்டு "மூக்கு அடைச்சிக்கிச்சா?" என்று திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. தலை அதிரும்போது வாசனை நரம்பின் இழைகள் மூக்குக்கு மேலே எலும்பு ஓட்டையில் அறுந்துபோகும் என்பதெல்லாம் எனக்கே ரொம்பப் பிந்தித்தான் தெரியும். அப்புறம் கோபம். சாதுவான மனுஷன் சோற்றுத் தட்டை எறிய ஆரம்பித்தார். நாக்கு குழறியது, நடை தள்ளாடியது. சட்டைப் பட்டனை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு, அது ஏன் சரியாக வரவில்லை என்று கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நிற்பார். ஒரு டாக்டர் அவர் வாயருகே முகர்ந்து பார்த்துவிட்டு "குடியை நிறுத்தச் சொல்லுங்க" என்றார். அப்பா குடித்ததே இல்லை. தெருவே "குடிகாரன்" என்றது. நானும் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை.

1928-லேயே மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க டாக்டர் குத்துச்சண்டைக்காரர்களுக்கு வரும் இந்த நிலையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். தலைப்பே "பஞ்ச் டிரங்க்". குத்து வாங்கியே குடித்தவன் மாதிரி ஆனவன். எங்கப்பா பிறப்பதற்கு முன்னாலேயே அவர் வியாதிக்குப் பெயர் இருந்தது, எங்கள் தெருவுக்கு வரவில்லை. இன்றைக்கு அதை சி.டி.ஈ. என்கிறார்கள். டவ் என்ற புரதம் மூளையில் படிந்து வருஷக்கணக்கில் மெதுவாகத் தின்னும். செத்த பிறகு மூளையை வெட்டிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆக அப்பாவுக்கு வந்தது அதுதானா என்று எனக்கு இனி தெரியப்போவதில்லை. அலிக்கு 1984-இல் பார்க்கின்சன் என்று சொன்னார்கள். குத்துதான் காரணமா என்பதில் டாக்டர்களே ஒத்துப்போகவில்லை. ஆனால் 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர் நடுங்கும் கையோடு தீபம் ஏற்றியதை டிவியில் பார்த்துவிட்டு அப்பா தன் கையை லுங்கிக்குள் மறைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அலி கதையைச் சொன்னதே இல்லை.

"பாக்சிங் இல்லன்னா எங்க பசங்க கஞ்சாவுக்குப் போயிருப்பானுங்க" என்று எழுதிய தம்பி, நீ சொல்வது நிஜம். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. என் ஸ்நேகிதர்கள் ரெண்டு பேரை அந்த ரிங்தான் காப்பாற்றியது. ஆனால் அப்படிக் காப்பாற்றிய பையனை நீயே சாவுக்குத் தூக்கிக் கொடுப்பாயா? பாக்சிங்கை மூடு என்று நான் எங்கே சொன்னேன்? டாக்டரிடம் காட்டினாயா என்றுதானே கேட்டேன்?

"ஃபுட்பால்ல அடிபடாதா, பைக்ல விழறதில்லையா?" விழுகிறார்கள். அங்கே விழுந்தவனுக்கு யாரும் விசில் அடிப்பதில்லை.

அந்த விசில்தான் எனக்குத் தாங்கவில்லை. ஊருக்கெல்லாம் வடசென்னை என்றால் கெத்து. நம் உடம்பு இரும்பு, அடி வாங்கவே பிறந்தோம், பார்க்க ஜாலியாக இருக்கிறது. ஏசி ரூமில் உட்கார்ந்து ஹார்ட்டின் போடுகிறவன் வீட்டுப் பையன் படிக்கட்டில் தலை இடித்துக்கொண்டால் ராத்திரியே ஸ்கேன். நம் பையனுக்கு முகத்தில் தண்ணி. பக்கத்துத் தெருக்காரர்களே இதைச் சொல்லிப் பெருமைப்படும்போது யாரிடம் போய்க் கேட்பது?

இன்று காலை மறுபடி அந்த வீடியோவைப் பார்த்தேன். அவன் சிவப்பு மூலைக்குப் போகிற அந்த நாலு செகண்டை மட்டும்.

எங்கப்பாவும் ஒருநாள் வேலை முடிந்து வந்து நேராக எதிர்வீட்டுக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு "சோறு போடு" என்று உட்கார்ந்தார். அந்த அக்கா சிரிக்கவில்லை. சோறு போட்டு, மோர் ஊற்றி, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றுவிட்டு, அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.