பலகையில் இல்லாதவர்கள்

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் ஒரு வரலாற்றுப் பலகை நிற்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து வயிறு எரிகிறது. தோட்டத்தைத் திறந்த வெள்ளைக்காரத் துரையின் பெயர், ஏக்கர் கணக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. தமிழில் அடியில் ஒரே ஒரு வரி. அதிலும் 'தொலிலாளர்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பாதியை டியூஷன் போஸ்டர் மூடிவிட்டது. போன வாரம் நகத்தால் சுரண்டினேன், பசையோடு பெயின்ட்டும் உரிந்து வந்தது.

1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் துரை 19 ஏக்கரில் தேயிலை போட்டார். சரி, எழுதட்டும். காட்டை வெட்டியது யார்? தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, மாத்தளை வரை காட்டு வழியாக நடந்தே வந்த எங்கள் ஆட்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பாதையோரமே செத்து விழுந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு ஒரு வரி கூடவா இல்லை?

1940இல் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்தவர் தொழிலாளி கோவிந்தன். 1977இல் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்று சூடுபட்டு இறந்தவர் சிவனு லெட்சுமணன். டெவன் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வேனை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

நேற்று பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளை பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அப்போ நம்ம ஆளுங்க யாருமே இங்க இல்லையா மாமா?" என்று கேட்டாள். கோவிந்தன் கதையை ஆரம்பித்தேன். பாதியில் பஸ் வந்துவிட்டது. மீதியை இன்று சாயந்தரம் சொல்ல வேண்டும்.