அந்த அபராதத்துக்கும் தனியாகப் போனதற்கும் என்ன சம்பந்தம்?

ஹெல்சிங்கி வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பின்லாந்தின் தலைநகருக்குத் தனியாகப் போன ஒரு பெண், விமான நிலைய ரயிலில் தவறான டிக்கெட்டுக்காக அபராதம் கட்டியது, கண் கலங்கியது, எல்லாம். கீழே குவிந்த அறிவுரைகளையும் பார்த்திருப்பீர்கள். "தனியா போனா இப்படித்தான்." "கூட ஒரு ஆம்பளை இருந்திருந்தா பேசிச் சமாளிச்சிருப்பான்."

என்னத்தைப் பேசிச் சமாளிப்பாராம்? அந்தப் பெண்ணின் கையில் இருந்தது ஏபி டிக்கெட், அதாவது ஏ, பி மண்டலங்களுக்கு மட்டுமானது. விமான நிலையம் இருப்பது பக்கத்து ஊரான வான்தாவில், சி மண்டலத்தில். எடுத்திருக்க வேண்டியது ஏபிசி. அவ்வளவுதான் விஷயம். தாம்பரம் வரை டிக்கெட் எடுத்துவிட்டுச் செங்கல்பட்டில் இறங்கினால், குடும்பத்தோடு வந்தவரையும்தான் பிடிப்பார்கள்.

அங்கே ரயிலேறும் இடத்தில் தடுப்புக் கதவு கிடையாது. யாரும் மறிக்காததால் டிக்கெட் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிடும். பரிசோதகர் நடுவழியில் வருவார். அவரைப் பார்த்த பிறகு ஆப்பில் வாங்கினால் செல்லாது. அந்த ஊர்ப் போக்குவரத்து நிறுவனமான எச்எஸ்எல்லின் ஆப்பிலோ நிலையத்து இயந்திரத்திலோ ஏறும் முன்பே வாங்கிவிட வேண்டும். விமான நிலையத்திலிருந்து இரண்டு ரயில்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும். எதில் ஏறுவது என்று பதற வேண்டாம். வளையப் பாதை என்பதால் இரண்டுமே சுமார் அரை மணி நேரத்தில் மத்திய நிலையத்துக்கு வந்துவிடும்.

"நிறத்தைப் பார்த்துத்தான் பிடித்தார்கள்" என்கிறார்கள் சிலர். பின்லாந்தில் இனவெறியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, இருக்கிறது. ஆனால் அதே வீடியோவில் பரிசோதகர் பெட்டியின் அந்த முனையிலிருந்து ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டேதான் வருகிறார். மறுபடி சொல்கிறேன்: ஏபி, ஏபிசி.

"ரெண்டு நாள் தனியா அங்க என்னதான் பண்ணுவாங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். அக்கறைதான், நம்புவோம்.

சந்தைத் திடலிலிருந்து படகில் கால் மணி நேரம் போனால் சுவோமன்லின்னா. சுவீடன் ஆட்சியில் 1748-ல் கட்டத் தொடங்கிய தீவுக் கோட்டை, 1991 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. தீவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. படகுக்கு அதே ஏபி டிக்கெட் போதும், இங்கே அது செல்லும்! ஆனால் அதன் ஆயுள் 80 நிமிடம். கோட்டையைச் சுற்றுவதற்குள் காலாவதியாகிவிடும், திரும்புவதற்கு இன்னொன்று வாங்க வேண்டும். அன்றைக்கு வேறு பயணங்களும் நிறைய இருந்தால் ஒரு நாள் டிக்கெட்டே லாபம். சுரங்கவழிகள் கும்மிருட்டு, போனில் சார்ஜ் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலமென்றால் கடல்காற்றும் கற்பாதைப் பனிக்கட்டியும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடும். டிசம்பரில் வெளிச்சமே சுமார் ஆறு மணி நேரம்தான், தீவுக்கு முற்பகலிலேயே போய்விடுவது நல்லது.

சாப்பாடு? வேலை நாட்களில் பல உணவகங்களில் சுமார் 11 மணி முதல் 2 மணி வரை மதிய பஃபே கிடைக்கும். பெரும்பாலும் காபியும் அதற்குள்ளேயே அடக்கம். அதே கடையில் இரவில் உட்கார்ந்தால்தான் பர்ஸ் அழும். மழை வந்தால் மத்திய நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஊடி நூலகம், 2018 டிசம்பரில் திறந்தது. கட்டணமில்லை, கழிப்பறை இருக்கிறது, குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். சானா என்கிற வெப்பக் குளியலுக்குக் கல்லியோ பகுதியில் 1928 முதல் விறகு எரியும் கோத்திஹர்யு என்ற பொதுக் குளியலகம் இருக்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை.

இவ்வளவும் தனியாளுக்கு ஆகாதா? தனியாக மேஜையில் உட்கார்ந்தால் "யார் கூட வந்தீங்க?" என்று கேட்க அங்கே ஆளில்லை. அதைத்தான் "மனுஷத்தன்மை இல்லாத ஊர்" என்று எழுதுகிறீர்கள். இரண்டாயிரம் பேர் சேர்ந்து ஒரு பெண்ணுக்கு அடக்கம் கற்றுக்கொடுப்பதுதான் மனுஷத்தன்மை போலிருக்கிறது. கோபமாக எழுதுகிறேன் என்பீர்கள். ஆமாம், கோபம்தான். உங்களில் பாதிப் பேர் அபராதச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

அந்தத் தங்கச்சி அடுத்து எஸ்டோனியாவின் தலைநகர் தாலின் போவதாகச் சொல்லியிருக்கிறார். போங்கம்மா, கப்பலில் இரண்டு மணி நேரம்தான். எந்தக் கம்பெனி என்பதைப் பொறுத்துத் துறைமுகம் மாறும்: மேற்குத் துறைமுகமா, கத்தயநொக்காவா என்று டிக்கெட்டில் பாருங்கள். புறப்படும் நேரத்துக்கு முன்பே கதவை மூடிவிடுவார்கள். தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகளுக்குள்தான் என்றாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.