வட்டம் விழுந்தால் போதுமா?

இலைச்சாற்றால் வெள்ளி நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள், செய்தது பற்றிய உங்கள் கட்டுரையில், ஏற்காட்டில் பறித்த இலையின் சாற்றைச் சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பின் கரைசலில் ஊற்றியதும் அது பழுப்பானது, ஈ.கோலை என்ற பாக்டீரியா வளர்த்த தட்டில் அதை வைத்ததும் கிருமி இல்லாத தெளிவான வட்டம் விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆனால் வெறும் சில்வர் நைட்ரேட்டை வைத்தாலும் அந்த வட்டம் விழுமே! வெள்ளி அயனியே கிருமியைக் கொல்லும். அதே தட்டில் ஒரு குழியில் சில்வர் நைட்ரேட், இன்னொன்றில் இலைச்சாறு மட்டும் என்று வைத்துக் காட்டினால்தான் நானோ துகளின் பங்கு எவ்வளவு என்று தெரியும். இலையிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள்தான் அயனியைத் துகளாக்குகின்றன, துகள்மேல் ஒட்டிக்கொண்டு ஒன்றோடொன்று திரளாமலும் பார்த்துக்கொள்கின்றன. மழைக்கால இலையிலும் கோடை இலையிலும் அவை ஒரே அளவில் இருக்காது. எந்த மாதம் பறித்தீர்கள்? அப்புறம், எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது வெள்ளி கலந்த தண்ணீரை மருந்தென்று குடித்துவைக்கப் போகிறார்கள். தொடர்ந்து குடித்தால் தோல் நீலம் பாரித்துவிடும், பழைய நிறம் திரும்பாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.